த்ரீ ஆங்கர்ஸ் உருளைக்கிழங்கு

ஆங்கிலேயர்கள் மொரிஷியஸை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் சாப்பாடு மட்டும் போக மனசில்லாமல் போர்ட் லூயித் துறைமுகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. ஓட்டலுக்கு 'த்ரீ ஆங்கர்ஸ்' என்று பெயர். எந்தக் காலத்திலோ பிரெஞ்சுக்காரன் சர்க்கரை மூட்டை அடுக்கக் கட்டிய கருங்கல் கிடங்கு அது. முதலாளி மிஸ்யே வில்சன் அதற்குள் கறுப்புப் பலகை அடித்து, மான் தலை மாட்டி, குளிர்காய ஒரு கணப்பு வேறு கட்டியிருந்தார். ஜனவரி மாதத்துப் போர்ட் லூயியில் கணப்பு! வேர்த்துக் கொட்டுகிற ஊரில் இதில் யார் குளிர் காயப் போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அது பார்க்க மட்டும், காமாட்சி," என்றார்.

நான் அங்கே இரண்டு வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஊரில் துணி ஆலைகளும் கடற்கரை ஓட்டல்களும் காளான் மாதிரி முளைத்த சமயம். வெள்ளைக்காரப் பயணிகள் வருவார்கள். அவர்களைப் பார்த்து ஆபீஸ்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். மாட்டிறைச்சி அடைத்த மாவுப் பண்டம், மாவில் தோய்த்துப் பொரித்த மீன், கறுத்த பீர். உப்பும் மிளகும் தவிர வேறு எதுவும் தெரியாத சமையல். இதற்குப் போய் வரிசையில் நிற்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பொரித்த உருளைக்கிழங்கை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அப்படி ஒரு மொறுமொறுப்பு. இந்துக்கள் வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

அந்த மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். சமையற்காரன் டானியேல் தகரத்தைத் திறந்து வெள்ளையாக ஒரு கட்டியை வாணலியில் போடுவான். மாட்டுக் கொழுப்பு. இங்கிலாந்தில் அப்படித்தான் பொரிப்பார்களாம். மேற்பார்வைக்கு இருந்த ஜெனெவியேவ் என்னை ஓரமாக அழைத்து, "யாராவது கேட்டால் எண்ணெய் என்று சொல். கேட்காவிட்டால் வாயைத் திறக்காதே," என்றாள். யாரும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா? நான் அதைத் தொடமாட்டேன், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் நான் காவலா என்று இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் என் தம்பி விநாயகம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பெயர் சின்னம்மா. அவளுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றும் ஐந்தாம் மாதத்தில். இப்போது நாலாவது. ஆறாம் மாதம் தொடங்கிவிட்டது. இது தங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. கோவிலில் கொடி ஏறிய அன்றே இருவரும் கையில் காப்புக் கட்டிக்கொண்டார்கள். பத்து நாள் கரேம். விரதத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மீன் கிடையாது, முட்டை கிடையாது, பாய் விரித்துத் தரையில் படுக்கை.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் மாடியில் ஜெர்மன்காரர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வந்தால், கணப்புக்குப் பக்கத்து மேஜையில் என் தம்பி! அவன் ஒரு பின்னலாடை ஆலையில் லாரி ஓட்டுகிறான். லண்டன் சரக்கு ஒன்று நாள் தவறாமல் கப்பல் ஏறிவிட்டதாம். அந்தச் சந்தோஷத்தில் மேலாளர் மிஸ்யே ஆல்பெர் ஆறு பேரைச் சாப்பிட அழைத்து வந்திருந்தார். மற்றவர்கள் முன்னால் இறைச்சி. இவன் முன்னால் உருளைக்கிழங்கு. பாதித் தட்டு காலி.

"அக்கா, முறைக்காதே," என்றான் சிரித்துக்கொண்டே. "கரேம் ஞாபகம் இருக்கு. வெறும் பொம்தெர், உருளைக்கிழங்குதான். இவ்வளவு ருசியா இருக்குமா? வீட்டுல ஒருநாளாவது செஞ்சிருக்கியா நீ?"

அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. விரல் நுனியெல்லாம் பளபளவென்று கொழுப்பு. அந்தத் தட்டை நான் பிடுங்கியிருக்கலாம். கை தவறியது போல் தட்டிவிட்டிருக்கலாம். ஜெனெவியேவ் கல்லாவிலிருந்து என்னையே பார்த்தாள். மிஸ்யே ஆல்பெர் தண்ணீர் கேட்டார். நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது தட்டைத் துடைத்து வைத்திருந்தான்.

மூன்று நாள் அதை மனசில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் தாங்காமல் கோவிலுக்குப் போய்க் கோபாலசாமி குருக்களைக் கேட்டேன். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்க் கிரியோல் பேச்சு அவருக்கு வராது, என் தமிழோ அரைகுறை.

"ஐயா, கரேம்ல ஒருத்தர் தெரியாம தப்பா சாப்பிட்டா, என்ன ஆகும்?"

"தெரியாம சாப்பிட்டதுக்கு முருகன் கோவிச்சுக்க மாட்டான், அம்மா. தெரிஞ்சதும் இங்க வந்து சொல்லச் சொல்லு. பரிகாரம் இருக்கு. காவடிய அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "சாப்பிட்டவருக்குத் தெரியலே. தெரிஞ்சவங்க யாரோ இருக்காங்க, இல்லையா?"

நான் விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தம்பி வீடு இருக்கும் சேன் பியேருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கரும்பு. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வேலை போனால் போகட்டும். இன்னொரு ஓட்டல் கிடைக்காமலா போகும்?

வாசலிலேயே அந்த வாசனை அடித்தது. எங்கள் ஓட்டல் சமையலறை வாசனை. இரண்டு வருஷமாக என் தலைமுடியிலிருந்து கழுவ முடியாத வாசனை. சின்னம்மா நாற்காலியில் சாய்ந்து, மடியில் செய்தித்தாள் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா! நேத்து வாங்கினது, இப்பதான் சுட வெச்சேன்," என்றாள். "இந்த வயித்துல வேற எதுவும் நிக்க மாட்டேங்குது. சோறு பார்த்தா குமட்டுது. இது மட்டும் போகுது. அவர் துறைமுகத்துக்கு லோடு போறப்ப உங்க பின்கட்டுல தினமும் வாங்கிட்டு வர்றார். டானியேல் நல்ல மனுஷன், அள்ளி அள்ளிப் போடுறான்."

"தினமுமா?"

"அந்த விருந்து நாள்லேர்ந்து."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி. மூன்று பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததே இல்லை. கொல்லையில் விநாயகம் மூங்கிலை வளைத்துக் காவடி கட்டிக்கொண்டிருந்தான். கூடவே தேவாரம் என்று நினைத்துக்கொண்டு எதையோ பாடினான்.

"பால் திரியாமப் போய்ச் சேரணும், அக்கா. எனக்கு அது போதும்," என்றாள் சின்னம்மா. எங்களுக்குத் தெரியும் அது. காவடியின் இரண்டு பக்கமும் செம்பில் பால் கட்டித் தொங்கவிடுவோம். ஆற்றங்கரையிலிருந்து கோவில் வரை கொளுத்துகிற வெயிலில் நாலு மணி நேரம் நடை. விரதம் சுத்தமாக இருந்தால் பால் திரியாது. திரிந்தால், அந்த வீட்டில் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "பால் நின்னா பிள்ளையும் நிக்கும்," என்றாள்.

இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? தம்பி ஒரே ஒரு வேளை சாப்பிட்டது என்றால் பரிகாரம். வயிற்றுப் பிள்ளைக்காரி நாலு நாளாக மாட்டுக் கொழுப்பைத் தின்றிருக்கிறாள் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னால், அந்த அதிர்ச்சியே போதும். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை டானியேலிடம், என் தம்பிக்கு இனிமேல் கொடுக்காதே என்றேன். "ஏன், உனக்கு என்ன நஷ்டம்?" என்று சிரித்தான். அன்றும் கொடுத்தான். அதற்கு அடுத்த நாளும் கொடுத்தான்.

காவடியன்று காற்றே இல்லை. காலையிலேயே தார் ரோடு காலைச் சுட்டது. ஆற்றங்கரையில் விநாயகத்தின் முதுகிலும் மார்பிலும் சின்னச் சின்ன வேல்களைக் குத்தினார்கள். நாக்கில் வெள்ளி ஊசி. அப்புறம் அவனால் பேச முடியாது. இரண்டு செம்பையும் வாழையிலையால் மூடிக் கட்டினார்கள். சின்னம்மா மஞ்சள் சேலையில், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அவன் நிழலிலேயே நடந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் கண் அந்தச் செம்புகளை விட்டு அகலவில்லை. முருகா, என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணு, அந்தப் பாலை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே போனேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் துப்பில்லை.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்ததும், எங்களுக்கு முன்னால் போன காவடிகளின் செம்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். வெள்ளையாகப் பால் விழ விழ 'அரோகரா' என்று கோவில் அதிர்ந்தது. விநாயகத்தின் முறை வந்தது. குருக்கள் முதல் செம்பின் இலையைப் பிரித்துச் சாய்த்தார். மஞ்சள் நீர் வந்தது. பின்னால் கட்டி கட்டியாக விழுந்தது. இரண்டாவது செம்பைப் பிரித்தார். அதுவும் அப்படித்தான்.

'அரோகரா' பாதியில் நின்றது.

"வீட்டுல யாரோ கரேம உடைச்சிருக்காங்க," என்றாள் பின்னால் ஒருத்தி. "மூணு தடவை சும்மாவா போச்சு?" என்றாள் இன்னொருத்தி. யாரும் குத்தப்பட்ட வேலோடு நிற்கிறவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் சின்னம்மாவைத்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கிறார்களே என்று விநாயகமும் அவளைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலே!" சின்னம்மாவின் குரல் உடைந்தது. "சத்தியமா ஒண்ணும் பண்ணலே. வெளியில வாங்கினது ஒண்ணே ஒண்ணு. அக்கா ஓட்டல் பொம்தெர். அது வெறும் கிழங்குதானே? அக்காவைக் கேளுங்க. அக்கா, நீங்களே சொல்லுங்க!"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. கோபாலசாமி குருக்கள் கையில் காலிச் செம்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்.

"வெறும் கிழங்குதான்," என்றேன்.

விநாயகம் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பெண்டாட்டிக்காக நிற்காமல் பிராகாரத்தைச் சுற்றப் போனான். சின்னம்மா பெண்கள் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கே தவறினாள் என்று அவளுக்கே தெரியவேண்டியிருந்தது. விரல் விட்டு எண்ணிக்கொண்டு, கொடியேறிய நாளிலிருந்து என்னென்ன சாப்பிட்டாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் சோறும் பருப்பும். இரண்டாம் நாள் கீரை. மூன்றாம் நாள் பொம்தெர். நாலாம் நாள் பொம்தெர். பொம்தெர் என்று சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும், அதில் தப்பில்லை என்று நான் தலையை ஆட்டினேன்.