எண்ணெய் வைத்த கைகள்

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு முந்தைய ஒத்திகையில், சிம்மியின் குதிகால் இரண்டாவது முறையும் உள்ளங்கையிலிருந்து வழுக்கியபோது, பூங்கோதை அவளை இறக்கிவிட்டு, பிடி வழுக்காமலிருக்கப் பூசும் தூள் கிண்ணத்தருகே போய் நின்றாள். வெள்ளைத் தூளை அள்ளி விரலிடுக்கு வரைக்கும் தேய்த்தாள். மற்றப் பெண்களின் கைகளில் அது சுண்ணாம்படித்த சுவர்போல உலர்ந்து ஒட்டியிருக்க, தன் கையில் மட்டும் பிசைந்த மாவாகத் திரண்டு உருள்வதைப் பார்த்தாள். அரங்க விளக்குகளின் வெக்கையில் வியர்க்க வியர்க்க, விடியலில் தோலுக்குள் இறங்கியிருந்த நல்லெண்ணெய் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

தில்லிக்கு நாளைதான் தீபாவளி. போட்டியை நடத்துகிறவர்கள் அந்த நாளை மறவாமல் ஓய்வு நாளாக விட்டிருந்தார்கள். கரோல் பாக்கில், தமிழர்களான பூங்கோதையின் மாடி வீட்டுக்குப் பண்டிகை இன்று இருட்டோடேயே வந்துவிடும் என்பது, சீனாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்திருந்தவர்களுக்கு மட்டுமல்ல, பயிற்சியாளர் குர்பச்சன் சிங்குக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. வள்ளியம்மை மகளை எழுப்பி மணையில் உட்காரவைத்தபோது, "கையில மட்டும் வேணாம்மா, காம்பிடிஷன் இருக்கு" என்று பூங்கோதை சொல்லத்தான் செய்தாள்.

"தலைக்கு வச்சுட்டுக் கை காலுக்கு வைக்காம விடுவாங்களாட்டி, நாளும் கிழமையுமா? எண்ணெ தேச்சாத்தான் கைக்கு வலுவு."

மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் சூடு உச்சியில் இறங்கியதும், வேண்டாமென்ற வாய் தூக்கத்தில் அடங்கிப்போயிற்று. அம்மாவின் கட்டைவிரல் உள்ளங்கையின் காய்ப்புகளை ஒவ்வொன்றாக நீவியபோது, கையை அவளேதான் விரித்துக் கொடுத்தாள். இப்போது அவளை அதிகம் குடைந்தது அதுதான். கையைப் பிடுங்கிக்கொண்டும் அம்மா விடாமல் தேய்த்திருந்தால், முழுக் கோபத்தையும் அம்மாமேல் இறக்கிவைத்திருக்கலாம். பாதிக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வது?

இருவர் அணியில் கீழே நின்று தாங்குகிறவள் பூங்கோதை. மேலே ஏறுகிறவள் சிம்மி. இந்த ஆண்டோடு பூங்கோதைக்கு ஜூனியர் வயது முடிகிறது. சிம்மியோ இன்னும் சிறுமி. பதக்கத்தோடு இறங்கினால் அவளையும் சேர்த்து சீனியருக்கு ஏற்றக் கேட்டுப்பார்ப்பதாகவும், இல்லையென்றால் ஜோடியைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை என்றும் குர்பச்சன் சொல்லியிருந்தார். தன் தோளெலும்பின் எந்தக் குழியில் சிம்மியின் பெருவிரல் வந்து அமரும் என்பது பூங்கோதைக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அந்தப் பழக்கத்தை இன்னொருத்தியோடு முதலிலிருந்து தொடங்குவதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

குர்பச்சன் அருகில் வந்து இந்தியில் கேட்டார்: "கை சரியா இருக்கா? இல்லேன்னா இப்பவே சொல்லு, மகளே. கைமேல தலைகீழா நிக்கிறத எடுத்துடலாம். தோள்ல நின்னாப் போதும்."

அதை எடுத்துவிட்டால் பதக்கமும் அதோடு போய்விடும்.

"டீக் ஹை, சரியாத்தான் இருக்கு சார். வியர்வைதான்."

பார்வையாளர் பகுதியின் கம்பித் தடுப்பருகே வள்ளியம்மை சம்புடத்தோடு நின்றிருந்தாள். கஞ்சி மொடமொடப்புக் குறையாத புது நீலச் சுங்குடிச் சேலை. "ஏட்டி, ஒரு வாய் அதிரசம் தின்னுட்டுப் போ. வெறும் வயித்தோட நிக்காத."

பூங்கோதை கையை விரித்துக் காட்டினாள். "பாரும்மா. தூள் நிக்கவே மாட்டேங்குது. எண்ணெ வச்சேல்ல."

"சீயக்கா போட்டு நாந்தான தேச்சு ஊத்துனேன். எண்ணெ எங்கன இருக்கு?" சிரித்துக்கொண்டே ஒரு விரலால் தொட்டுப் பார்த்த வள்ளியம்மையின் முகம் மாறியது. மகளின் கையைக் கம்பிகளுக்கிடையே இழுத்து, முந்தானையால் அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள். வெள்ளைக் கறை நீலத்தில் திட்டுத் திட்டாகப் படிந்தது.

"விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிட்டியா?"

பூங்கோதை கையை உருவிக்கொண்டாள்.

விரிப்பின் ஓரத்தில் காத்திருந்தபோது சொல்லியிருக்கலாம். சிம்மி, அக்காவைச் சீண்டும் தங்கைபோல அவள் இடுப்பில் முழங்கையால் இடித்து, "தீதி, என்னைக் கீழ போட்டேன்னு வச்சுக்கோ, ஆன்ட்டி டப்பாவுல இருக்கிறது மொத்தமும் எனக்குத்தான்" என்றாள். பூங்கோதை சிரித்தாள். அதற்குள் அழைத்துவிட்டார்கள்.

சிம்மி தொடைமேல் நின்றாள், பிடி நின்றது. தோள்மேல் ஏறினாள், அதுவும் நின்றது. ஒருவேளை முந்தானை வேலை செய்துவிட்டதோ என்றுகூடப் பூங்கோதை நினைத்தாள். பிறகு உள்ளங்கையோடு உள்ளங்கை கோத்து, சிம்மியின் கால்கள் மெதுவாக மேலே எழுந்து நேரானபோது, அவளுடைய வலது மணிக்கட்டு தன் விரல்களுக்குள் ஊர்வது பூங்கோதைக்குத் தெரிந்தது. இறுக்கினாள். இறுக்க இறுக்க அது இன்னும் ஊர்ந்தது. பிறகு கையில் ஒன்றுமில்லை. கீழே நிற்பவளின் கடமைப்படி, விழுகிறவளுக்கு அடியில் பாய்ந்து சிம்மியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு மல்லாந்தாள். அரங்கம் முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டது. சிம்மி உடனே எழுந்து, மீதி அசைவுகளையும் கற்றுத்தந்த புன்னகையோடு செய்து முடித்தாள். அந்தப் புன்னகைக்குக் கீழே அவள் உதடு நடுங்குவதைப் பூங்கோதை மட்டும் பார்த்தாள்.

இறங்கியதும் சிம்மி திரும்பாமலேயே சொன்னாள்: "நான் தப்பு பண்ணல தீதி. நீதான் பிடிக்கல."

"சிம்மி, இன்னிக்கு எங்க வீட்டுல தீபாவளி. காலையில அம்மா..."

"தீபாவளி நாளைக்கு" என்றாள் சிம்மி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

மாலையில் சீனியர்களின் போட்டி தொடங்கிற்று. பூங்கோதை மேல்வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.  வள்ளியம்மை கறைபட்ட முந்தானையை உள்ளே மடித்துச் செருகியிருந்தாள். கீழே பக்கச் சுவரோரம், குர்பச்சன் ஓர் உயரமான பெண்ணைச் சிம்மியின் முதுகோடு முதுகாக நிறுத்தி, இருவர் தலைக்கும் மேலே கையைப் படுக்கவைத்து அளந்துகொண்டிருந்தார். பூங்கோதை பார்வையை விரிப்புக்குத் திருப்பினாள். அங்கே ஒரு சீனப் பெண், தன் உள்ளங்கைகளில் இன்னொருத்தி தலைகீழாக நிற்க, முழங்கைகளை மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பூங்கோதையின் கைகளும் மடியை விட்டு எழுந்தன. விரல்கள் விரிந்தன. முழங்கை அம்மாவின் விலாவில் இடித்தது. வள்ளியம்மை, அந்தக் கைகள் உயர்வதற்கு இடம் விட்டு, பெஞ்சில் சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள்.