கரோவின் அரிப்பு

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக நெவென்கா நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சீமைச் சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட தண்ணீர். ஒரு செம்பு ஊற்றிவிட்டு, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் கரோவ் கண்ணை மூடிக்கொண்டு முனகும். வலியில் முனகுகிறதா, சுகத்தில் முனகுகிறதா என்று எட்டு வருடம் வளர்த்தவளுக்கே பிடிபடவில்லை. பிடரியிலும் முதுகிலும் மயிர் கொத்துக் கொத்தாகப் போய், தோல் சுட்ட மிளகாய் போலச் சிவந்திருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் ஒன்றுமில்லை. கரிக்கட்டை நிறத்து நாய் அது. ஆனால் மேலிருந்து வழிந்து ஓடிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. நேற்று முன்தினமும் அப்படித்தான் ஓடியது. குளிப்பாட்டி முழுதாக இரண்டு நாள் ஆகவில்லை. வெளியே எங்கும் போகாத நாய் எங்கிருந்து இவ்வளவு அழுக்கைச் சம்பாதிக்கிறது என்று யோசித்தபடி அவள் குளியலறைச் சுவரில் சாய்ந்தாள். அவளுடைய மார்புயரம் வரைக்கும் சுவரில் நீலப் பீங்கான் சில்லு. அதற்கு மேலே வெறும் காரை. சில்லு பதிக்கும் வேலை பதின்மூன்று வருடமாக அந்த உயரத்திலேயே நிற்கிறது.

தெருவில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஸ்தான்கா பன்றிக் கொழுப்பில் கந்தகப் பொடி குழைத்து ஒரு ஜாடி நிறையக் கொடுத்தாள். பூசிய மூன்று நாளும் வீடு நரகத்தின் வாசல் மாதிரி நாறியது. ஆப்பிள் காடியைத் தண்ணீரில் கலந்து துடைத்துப் பார்த்தாள். நாய் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவள் கணவன் மிலுதின் மட்டும் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. காரணம் சொன்னான்.

"நீ போடுற சாப்பாடு சரியில்ல. அதான் அரிக்குது."

"நீயும் அதே சாப்பாடுதானே சாப்பிடுற. உனக்கு அரிக்கலையே?"

"எனக்கு உடம்பு கெட்டி, நெவா."

மிலுதின் நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் இருபத்தாறு வருடம் முத்திரை குத்தியவன். மற்றவர்கள் வீடு கட்டுவதற்கான வரைபடங்கள் அத்தனையும் அவன் கை வழியாகப் போயிருக்கின்றன என்பதால், கட்டும் வித்தையும் அவன் கைக்குள் வந்துவிட்டதாக அவனுக்கு ஒரு நம்பிக்கை. மொராவா ஆற்றங்கரையில் முடிந்த வீடு என்று ஒன்றைக் காட்டுவது கடினம்தான். எல்லா வீட்டின் தலையிலும் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு நாள் திரும்பி வந்து மேல்மாடியில் குடியேறுவான் என்று. ஆனால் மற்றவர்கள் காசில்லாமல் நிறுத்துவார்கள். மிலுதின் கருத்து மாறி நிறுத்துவான். மாடிப்படி வைத்தான், கைப்பிடி வைக்கவில்லை. ஆறு கதவு வாங்கினான், நிலைச்சட்டத்தின் அளவு தவறென்று கதவுகளைக் கொட்டகையில் அடுக்கினான். வியன்னாவில் இருக்கும் மகனுக்காக மேல்மாடியில் குளியல் தொட்டி ஏற்றினான். அதைச் சுற்றி ஓடு, செங்கல், ஈரம் பட்டுக் கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகள் என்று வேலைக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்தது, வேலையைத் தவிர.

ஒவ்வொரு வேலையும் ஒரு சொற்பொழிவோடு தொடங்கும். அக்டோபரில் தொடங்கியதன் பெயர் அமெரிக்கச் சமையலறை. சமையற்கட்டுக்கும் விருந்தறைக்கும் நடுவில் சுவர் இருப்பது அடிமைக் காலத்துப் பழக்கம், ஐரோப்பாவில் இப்போது யாரும் சுவர் வைப்பதில்லை என்று காலை காபியின்போது அறிவித்தான். பகல் சாப்பாட்டுக்குள் சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில், முற்றத்துப் பெரிய ஜன்னலின் தலைமாட்டிலிருந்து உள்பக்கம் வரைக்கும், பழைய தானியக் கொட்டகையைப் பிரித்தபோது எடுத்து வைத்த ஒரு ஓக் உத்தரத்தைக் கொடுத்தான். அதற்குக் கீழே நான்கு இரும்பு முட்டு. பிறகு, முட்டுகள் கண்ணுக்கு உறுத்துகின்றன என்று நடுவிலிருந்த இரண்டை எடுத்துவிட்டான். மீதி இரண்டுக்கும் பிளாஸ்டிக் கொடி சுற்றினான்.

கடைசியில் நெவென்கா நாயைப் பேருந்தில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனாள். கால்நடை வைத்தியர் இளைஞன். தோலைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பூச்சி எதுவும் இல்லம்மா. சொறியும் இல்ல. இது சுண்ணாம்பு, சிமெண்ட் பொடி. தோல வேக வச்சிருக்கு. வீட்டுல வேலை நடக்குதா?"

"முப்பது வருஷமா நடக்குது, டாக்டரே."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "இது படுக்குற இடத்த மாத்துங்க, அது போதும்" என்றான்.

பேருந்தில் வரும் வழியில்தான் அவள் கணக்குப் பார்த்தாள். கரோவ் படுப்பது அடுப்புக்குப் பக்கத்தில், உத்தரத்துக்கு நேர் கீழே. தரையை அவள் தினம் இரண்டு வேளை துடைக்கிறாள். வீட்டில் இப்போது யாரும் சிமெண்ட் குழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவுக்குப் போகும்போது கட்டும் கறுப்புத் தலைத்துணியை எடுத்து, நாயின் விரிப்பு இருந்த இடத்தில் சுருக்கமில்லாமல் விரித்தாள். கரோவை விறகுக் கொட்டகையில் வைக்கோல் மேல் படுக்கவைத்தாள். பீன்ஸ் ஊறப்போட்டாள், துணி மடித்தாள், அந்தப் பக்கம் போகாமல் மூன்று மணி நேரத்தைத் தள்ளினாள். பிறகு போய்க் குனிந்து விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரல் போன வழி மட்டும் கறுப்பாக இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். உத்தரத்துக்கும் கூரைக்கும் இடையில் மிலுதின் பூசி மறைத்த இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அதிலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் தெரியும்படி, மெல்லிசாக, நிற்காமல், ஒன்று உதிர்ந்துகொண்டிருந்தது.

துணியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கணவன் முன்னால் பிடித்தாள்.

"வீடு உட்காருது" என்றான் மிலுதின், பத்திரிகையிலிருந்து தலை எடுக்காமல். "எந்தக் கட்டடமும் கொஞ்சம் உட்காரும். அதுதான் சாஸ்திரம்."

"முப்பது வருஷம் நின்னுட்டு இப்பத்தான் அதுக்குக் கால் வலிக்குதா? ரசமட்டத்த எடுத்துட்டு வா மனுஷா, வச்சுப் பாரு."

கொண்டுவந்தான். நாற்காலியில் ஏறி மஞ்சள் ரசமட்டத்தை உத்தரத்தின் அடியில் வைத்தான். குமிழி ஒரு ஓரமாக ஓடிப்போய் ஒண்டிக்கொண்டது. இன்னொரு முனையில் வைத்தான். குமிழி எதிர்ப்பக்கம் ஓடியது. மிலுதின் அதைக் கீழே இறக்கி, கண்ணருகே வைத்துப் பார்த்து, ஒருமுறை குலுக்கினான்.

"கெட்டுப்போச்சு. சீனாச் சரக்கு."

அன்றைக்கு டிசம்பர் பதினான்காம் தேதி. பத்தொன்பதாம் தேதி புனித நிகோலாவின் நாள், அவர்கள் குடும்பத்தின் ஸ்லாவா. வீட்டுப் புனிதரின் அந்தத் திருநாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. ஒருமுறை வந்தவர்கள் வருடா வருடம் தானாக வருவார்கள். அழைக்காதவர்களை வரவேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அப்படி வாசலைச் சாத்துவது சாவு விழுந்த வீடு, இல்லையென்றால் குலம் அற்றுப்போன வீடு. முப்பது பேர் வருவார்கள். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்து, விருந்தறையில், அந்த உத்தரத்துக்குக் கீழே, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருடம் மிலுதின் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அமெரிக்கச் சமையலறையைப் பற்றிச் சொல்லியிருந்ததால் நாற்பதுகூட ஆகலாம்.

நெவென்கா ஓப்ரெனைத் தேடிப் போனாள். ஓப்ரென் அவர்களுடைய கூம், அவர்கள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். கூடப் பிறந்தவர்களோடுகூடச் சண்டை போடலாம், கூமோடு போடக்கூடாது. நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்து முழங்கால் தேய்ந்து உட்கார்ந்தவர். அவள் சொல்லி முடிக்கும்வரை வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார்.

"சுவர எடுத்த அன்னைக்கே வந்து பார்த்தேன் கூமா. ரெண்டு இரும்பு உத்தரம் போடு, ஆளுங்கள நான் கூட்டிட்டு வரேன்னேன். 'ஓப்ரென், உன் கொத்தனார் லைசென்ஸுல முத்திரை குத்தினதே நான்தான்'னுட்டான்."

"இன்னொருவாட்டி சொல்லுங்க கூமே. அவருக்கு நீங்கன்னா கொஞ்சம் பயம்."

"அவனுக்கு என்கிட்ட பயம் இல்ல. வெட்கம். அதான் கேட்க மாட்டான்." ஒரு வால்நட்டை உடைத்தார். அது சொத்தை. "ஸ்லாவா அன்னைக்கு வீட்டுக்காரன் பேச்சுக்கு மேல பேச்சு கிடையாது. உனக்கே தெரியும்."

அவள் உடைந்த ஓடுகளைக் கையால் கூட்டிக் குவித்தாள். பிறகு, "உங்க பெரிய மீன் கொப்பரை இருக்குல்ல, அதத் தருவீங்களா?" என்று கேட்டாள்.

"அத முற்றத்துல வச்சுத்தான் எரிக்கணும். வீட்டுக்குள்ள ஆகாது. எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும்."

ஓப்ரென் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "விறகு நான் கொண்டாரேன்" என்றார்.

பத்தொன்பதாம் தேதி விடிந்தபோது பனி விழவில்லை, ஆனால் மூச்சு விட்டால் தெரிந்தது. மிலுதின் திருநாள் ரொட்டியை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் நெவென்கா கொட்டகையிலிருந்து ஆறு கதவுகளையும் இழுத்து வந்து, செங்கல் அடுக்கி, அதன் மேல் கிடத்தி, வெள்ளை விரிப்புப் போட்டாள். ஓப்ரென் நெருப்பு மூட்டினார். மிலுதின் திரும்பி வந்தபோது முற்றத்தில் கெண்டைமீனும் சிவப்பு மிளகாய்த்தூளும் கொதித்துக்கொண்டிருந்தன. அவன் ரொட்டியைக் கையில் ஏந்தியபடி வாசலிலேயே நின்றான்.

"இது என்ன, ஜிப்சி கல்யாணமா?"

"மீன் சாறு வெளியிலதான் நல்லாருக்கும். கூம் சொன்னார்."

"புனிதருக்கு மெழுகுவர்த்திய எங்க ஏத்துவே? கோழிக்கூண்டு மேலயா?"

"படத்தையும் எடுத்துட்டு வரேன். அவரு மாலுமிங்களோட சாமி மிலுதின், அவருக்குக் காத்து பழக்கம்."

அவன் உள்ளே போனான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புனிதர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றி, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, விருந்தறையின் நடுவில் நின்றான்.

விருந்தாளிகள் வந்தார்கள். முதலில் ஸ்தான்கா, பிறகு நகராட்சியிலிருந்து ஓய்வு பெற்ற மூன்று பேர், பிறகு குழந்தைகளோடு ஓப்ரெனின் மருமகள். மேல்கோட்டைக் கழற்றப்போய் நெவென்காவின் முகத்தைப் பார்த்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். சாறு ஆவி பறக்கத் தட்டுகளில் விழுந்தது. ராக்கியா சாராயம் இரண்டு சுற்று வந்ததும் குளிர் மறந்து போய்விட்டது.

"ஐரோப்பாவுல இப்பல்லாம் சுவர் இல்லன்னு சொன்னான்" என்றார் ஓய்வு பெற்றவர்களில் ஒருவர். "கூரையும் இல்லன்னு சொல்லல."

எல்லோரும் சிரித்தார்கள். நெவென்கா சிரித்துக்கொண்டே எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். மிலுதின் ஜன்னலைத் திறந்தான்.

"வா. எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க. ரெண்டு வாய் குடிச்சுட்டுப் போ."

"வீட்டுக்காரன் ஸ்லாவா அன்னைக்கு உட்காரக்கூடாது. தெரியாதா?"

"வெளிய வந்து நில்லு. நிக்க வேணாம்னா சொன்னேன்?"

"மெழுகுவர்த்தி உள்ள எரியுது நெவா. நான் உள்ளதான் நிப்பேன். நாய் பேச்சக் கேட்டு நீ என்னைய ஊர் முன்னாடி கோமாளி ஆக்கிட்ட." பிறகு, முற்றத்துக்குக் கேட்கும்படி கொட்டகைப் பக்கம் திரும்பி, "கரோவ்! டேய், உள்ள வாடா!" என்று கூப்பிட்டான். பிடரியில் புது மயிர் முளைக்கத் தொடங்கியிருந்த நாய் வைக்கோலிலிருந்து தலையைத் தூக்கி, அவனைப் பார்த்து, வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அதற்கும் சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்புதான் அவனைச் சீண்டியிருக்க வேண்டும். மிலுதின் கிண்ணத்தில் ராக்கியாவை நிரப்பிக்கொண்டு, ஜன்னலை ஒட்டி, உத்தரத்தின் கீழே வந்து நின்றான். நெடிய மனிதன். வலது கையை நீட்டினால் உத்தரம் எட்டும்.

"கேளுங்க மக்களே!" அவனுடைய பழைய நகராட்சிக் குரல் வந்தது. "இது ஓக். என் தாத்தா வெட்டினது. இது நம்ம எல்லாரையும் குழியில போட்டு மூடிட்டுத்தான் சாயும். பாருங்க." உள்ளங்கையால் உத்தரத்தை ஓங்கி அறைந்தான். ஒன்று. இரண்டு. குழந்தைகள் கைதட்டினார்கள். மூன்றாவது முறை அறைந்தபோது சத்தம் வேறு மாதிரி வந்தது, பல்லுக்கு நடுவே ஏதோ நெரிபடுவதுபோல. ஓப்ரென் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

மிலுதின் புன்னகை மாறாமல் இடது கையால் கிண்ணத்தைத் தூக்கினான். "புனிதர் துணை!" என்றான். முற்றம் முழுவதும் எழுந்து நின்று, "புனிதர் துணை!" என்றது. எல்லோரும் குடித்தார்கள். அவனும் குடித்தான். கிண்ணம் கீழே இறங்கியது. வலது கை உத்தரத்தின் அடியிலிருந்து இறங்கவில்லை.

நெவென்கா ஜன்னலுக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். அவன் முகம் விருந்தாளிகளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தது. "வா" என்றாள், உதடு மட்டும் அசைய. அவன் தலையை அசைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஓப்ரெனின் நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது. யாரோ பாடத் தொடங்கியிருந்தார்கள். அவன் கோட்டின் கை சரிந்து முழங்கை வரை வந்து, வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் தெரிந்தது. அந்தப் பொத்தானுக்கு மேலே, கடிகார முள் நகர்வதுபோல, அவன் மணிக்கட்டு மெல்ல மெல்லப் பின்பக்கமாக மடங்கிக்கொண்டிருந்தது.