அர்ச்சுனனின் இரண்டாவது மொட்டை

நடிகர் வேங்கைராஜன் செத்து எட்டு நாள் ஆகிவிட்டது. செத்ததாகச் சொல்லி எட்டு நாள் ஆகிவிட்டது என்று திருத்திச் சொன்னால்தான் அர்ச்சுனன் மேற்கொண்டு பேசவே விடுவான். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருப்பவன் அவன். நாற்பத்தாறு வயது. மலையிலுள்ள ஒரே வேங்கைராஜன் ரசிகர் மன்றத்துக்கு இருபது வருஷமாகத் தலைவன். டிவிக்காரன் சொல்லிவிட்டான், பேப்பர்காரன் முதல் பக்கத்தில் போட்டுவிட்டான், சினிமாக்காரர்கள் வரிசையில் வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அர்ச்சுனன் மட்டும் அசையவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சந்தை நாளில் இதே செய்தி வாட்ஸப்பில் வந்தது. மாரடைப்பாம், ஆள் போய்விட்டாராம். அவர்கள் ஊரில் வீட்டு ஆம்பளை செத்தால் பங்காளிகள் மொட்டை போட வேண்டும். மன்றத்துக்காரர்கள் தங்களை வேங்கைராஜனுக்குப் பங்காளிகளாகவே நினைத்திருந்தார்கள். சந்தை நடுவில், புளி மூட்டைகளுக்குப் பக்கத்தில், முப்பத்தொரு பேர் வரிசையாக உட்கார்ந்து முடி வெட்டுகிற குப்பனிடம் தலையைக் கொடுத்தார்கள். படத்துக்கு முன்னால் இலை போட்டுச் சாமைச் சோறு படைத்து, காக்காய்க்கும் வைத்தாயிற்று. சாயந்தரம் ஐந்து மணிக்கு வேங்கைராஜன் தன் வீட்டு மாடியில் லுங்கியோடு நின்று கையை ஆட்டினார். எல்லா டிவியிலும் காட்டினார்கள்.

அன்றிலிருந்து அந்த மன்றத்துக்கு 'மொட்டை மன்றம்' என்றே பெயர். "அந்தாளுக்கு ஆயுசு கூடிப்போச்சு, ஒனக்கு முடிதான் போச்சு" என்றாள் அவன் பெண்டாட்டி ராணியம்மாள். முடி மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டது. பெயர் போகவில்லை.

அதனால் இந்தத் தடவை அவன் தலையைக் கொடுக்கவில்லை, வாயைத் திறந்தான். பழைய டயர்க் குவியலுக்கு முன்னால் செல்போனை நிறுத்திவைத்து வீடியோ போட்டான். "மொதக் கேள்வி. பெட்டிய ஏன் தெறக்கல? முகத்தக் காட்டாம எரிச்சா அது இன்னா கணக்கு? ரெண்டாவது, கையில இருக்கிற மச்சத்த மட்டும் போட்டோ புடிச்சுக் காட்டுறாங்க. மச்சம் மேக்கப்லயும் வரும், ஆள் மாத்தியும் காட்டலாம். மூணாவது, பாத்தேன்னு சொல்றவங்கல்லாம் யாரு? சொந்தக்காரங்க. அவங்களுக்கு ஒரு காரியம் ஆவணும், சொல்றாங்க. தலைவரு உசுரோட கீறாரு. வருவாரு."

இரண்டே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். சேலத்திலிருந்தும் துபாயிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் போன் பண்ணி, "அண்ணே, ஒங்க பேச்சக் கேட்டுதான் நேத்து சோறு தின்னேன்" என்று அழுதார்கள். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்க்கிற கையோடு அவர்களுக்குத் தைரியம் சொன்னான் அர்ச்சுனன். தம்பி போன பிறகு, இரண்டு வருஷத்தில் அவன் இவ்வளவு பேசியதேயில்லை.

தம்பி ஆனந்தன் கேரளாவில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். ஆடி மாத மழையில் மேட்டு மண் சரிந்து, கூலிக்காரர்கள் தங்கியிருந்த வரிசை வீடுகளை மூடிவிட்டது. ஒன்பது நாள் கழித்து உடலைத் தோண்டி எடுத்து, பெட்டியில் வைத்து மூடித் திருகி, திறக்கக் கூடாது என்று எழுதி அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் பெட்டியோடு வந்தவன் அர்ச்சுனன்தான். திறக்கவில்லை என்றுதான் ஊரில் சொன்னான். தம்பி பெண்டாட்டி கோகிலவாணி பெட்டி மேல் விழுந்து முகத்தைக் காட்டச் சொல்லிக் கத்தியபோதும், "ஆர்டர் இல்லம்மா" என்று சொல்லி, மூடியபடியே குழியில் இறக்கினான்.

உண்மை வேறு. ஒடுகத்தூர் தாண்டி மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். டிரைவர் டீ குடிக்கப் போனதும், மடியிலிருந்த கடைத் திருப்புளியால் மூடியைத் திறந்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. வலது முன்கை மட்டும் முழுசாக இருந்தது. அதில் 'வேங்கை' என்று பச்சை. ஆனந்தனுக்குப் பதினேழு வயதில் அண்ணனும் தம்பியும் ஒடுகத்தூர்த் திருவிழாவில் சேர்ந்து குத்திக்கொண்டது. 'ங்' கோணலாக இருக்கும். அந்தக் கோணலைப் பார்த்துவிட்டு மூடியைத் திருகி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். அதை அவளிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்? ராணியம்மாளிடம்கூட அவன் சொல்லவில்லை.

கருமாதியன்று இன்னொன்றும் நடந்தது. மொட்டைக்கு உட்கார்ந்து, குப்பன் தலையில் தண்ணீர் தடவியபோது, பின்னாலிருந்து எவனோ, "ஜாக்கிரத, சாயந்தரம் ஆனந்தன் கைய ஆட்டிக்கினு வந்துடப் போறான்" என்றான். இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். ஈரத் தலையோடு எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. பங்காளி முறையில் ஒரு சித்தப்பாதான் அன்று மொட்டை போட்டார். கூடப் பிறந்தவனுக்கு முடி இறக்காத அவமானத்தை அர்ச்சுனன் இரண்டு வருஷமாகத் தலையிலேயே சுமந்துகொண்டிருந்தான்.

இப்போது கோகிலவாணிக்கு இருபத்தெட்டு வயது. மகள் ரம்யாவுக்கு ஆறு. மலையில் பெண் மறு கல்யாணம் கட்டுவதை யாரும் தப்பாகப் பேசுவதில்லை. காவலூரில் தோட்ட வேலை பார்க்கிற தங்கவேல், மனைவியை இழந்தவன், அதிர்ந்து பேசாதவன், குழந்தையையும் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுவந்தான். கோகிலவாணியும் மூன்று மாதம் யோசித்துச் சரி என்றாள். வெள்ளிக்கிழமை பரிசம். அன்றைக்கு அவள் பழைய தாலியைப் புருஷனின் அண்ணனான அர்ச்சுனன் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவன் வாங்கிக்கொண்டு வழியனுப்ப வேண்டும்.

புதன்கிழமை காலையில் அவள் அர்ச்சுனன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் புதிதாக மஞ்சள் தேய்த்த கயிறு. கருமாதியன்று கழற்றித் துணியில் முடிந்துவைத்த தாலி அதில் தொங்கியது.

"தங்கவேல வர வேணாம்னு சொல்லிடுங்க மாமா" என்றாள்.

"இன்னாம்மா இது கழுத்துல?"

"ஒங்க வீடியோவ எல்லாம் பாத்தேன். ஒவ்வொண்ணையும் நாலு தடவ. பெட்டிய தெறக்கல, முகத்தக் காட்டல, அப்ப செத்துட்டாருன்னு எப்பிடி நம்புறதுன்னு கேட்டீங்க இல்ல? எம் புருசன் பெட்டிய யாரு தெறந்தாங்க? எம் மனசுல இருந்தத நீங்க சொல்லிட்டீங்க."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ராணியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "அது சினிமாக்காரரும்மா. அது வேற, இது வேற" என்றான் அர்ச்சுனன்.

"இன்னா வேற? அவருக்காச்சும் மச்சத்தக் காட்டுனாங்க. எனக்கு அதக்கூட காட்டல. மண்ணு சரியறப்ப அவரு வெளிய போயிருக்கலாம். அடிபட்டு நெனப்பு தப்பி எங்கனா கெடக்கலாம். வேற யாரையோ எடுத்து அனுப்பிட்டாங்க." அவள் நிதானமாகத்தான் பேசினாள். அதுதான் அவனைக் கலக்கியது. "நீங்களும் தம்பிக்கு மொட்ட போடலியே மாமா. எந்திரிச்சுப் போய்ட்டீங்க. ஒங்களுக்கே நம்பிக்க இல்ல, எனக்கு அன்னிக்கே தெரியும்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அர்ச்சுனன் தரையில் உட்கார்ந்தான். ஒடுகத்தூரில் வண்டியை நிறுத்தியதைச் சொன்னான். திருப்புளியைச் சொன்னான். முகம் இல்லாததையும் சொன்னான். தன் சட்டைக் கையை மடக்கி, தன் கையிலிருந்த பச்சையைக் காட்டினான். "இதே எழுத்து. 'ங்' கோணலா கீது பாரு. என் கண்ணால பாத்தேம்மா. அவன்தான்."

கோகிலவாணி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மன்றத்துல எத்தன பேரு இந்தப் பச்ச குத்திக்கினு கீறாங்க?"

"அது..."

"மச்சம் இருந்தா அது அவருதானா, ஆள் மாத்திக் காட்டலாம்னு நீங்கதான சொன்னீங்க. பாத்தேன்னு சொல்ற சொந்தக்காரங்களுக்கு ஒரு காரியம் ஆவணும், அதான் சொல்றாங்கன்னீங்க. நாளான்னிக்கி பரிசம். ஒங்களுக்கும் இப்ப ஒரு காரியம் ஆவணும். ரெண்டு வருசமா தெறக்கலன்னு சொன்னவரு இன்னிக்கி தெறந்தேங்கிறீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. அவன்மேல் பரிதாபப்பட்டவளாகத்தான் பேசினாள். "ஒங்க மேல வருத்தமில்ல மாமா. என் நல்லதுக்குதான் பொய் சொல்றீங்க."

அவள் போன பிறகு ராணியம்மாள் அவன் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். "நெசமாவே பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாங்க முடியாமல் அவன் சத்தம் போட்டு அழுதான். தம்பிக்காக அவன் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை முழுவதும் வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்தான். அதற்குள் அவற்றை வேறு பத்துப் பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள். அழித்ததைப் பார்த்த மன்றத்துக்காரர்கள், "தலைவரு உசுரோட இருக்கிறது தெரிஞ்சி அர்ச்சுனன மெரட்டிட்டாங்க" என்று புதுசாக ஒன்று கிளப்பினார்கள். கேரளாவுக்குப் போன் பண்ணி, அன்றைக்குத் தோண்டியவர்கள் யாராவது கிடைப்பார்களா என்று பார்த்தான். தோட்டமே கைமாறிவிட்டது, யாரையும் தெரியாது என்று மலையாளத்தில் பதில் வந்தது. தங்கவேலுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னான். "நான் வர்றேங்க. அந்தம்மா மொகத்தப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அர்ச்சுனன் குப்பன் கடைக்குப் போனான்.

"வேங்கைராஜனுக்கா?" என்றான் குப்பன், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "இந்தத் தடவ நெசந்தானா?"

"எந் தம்பிக்கு."

குப்பன் அவன் தலையில் தண்ணீர் தடவினான். முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் கறுப்பாக விழுந்தது, இப்போது பாதி நரை. அவமானத்தை இறக்கிவைத்துவிட்டோம், இந்தத் தலையைப் பார்த்தால் அவள் நம்பத்தான் வேண்டும் என்று அர்ச்சுனன் நினைத்தான். அவனிடம் சொல்வதற்கு வேறு சாட்சி எதுவும் மிச்சமில்லை.

அவன் போனபோது கோகிலவாணி வீட்டு வாசலில் தங்கவேலும் அவன் அக்காளும் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் பாக்கு, வெற்றிலை, ஊதா நிறச் சேலை, ரம்யாவுக்கு ஒரு கவுன். ராணியம்மாள் ஓரமாக நின்றிருந்தாள். கோகிலவாணி தாலிக் கயிற்றோடு வெளியே வந்து, அர்ச்சுனன் தலையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"ஆனந்தனுக்கும்மா" என்றான் அவன். "ரெண்டு வருசம் கழிச்சிப் போட்டுக்கினேன். அவன் போய்ட்டான். நீ தாலியக் குடு." இரண்டு கையையும் நீட்டினான்.

கோகிலவாணியின் முகம் மெல்ல மலர்ந்தது. இரண்டு வருஷத்தில் அவள் முகத்தில் அவன் காணாத சிரிப்பு அது.

"போன தடவ நீங்க மொட்ட போட்ட அன்னிக்கி சாயந்தரமே அவரு உசுரோட வந்து நின்னாரு மாமா" என்றாள். "அஞ்சு மணிக்கு."

அவள் உள்ளே போய்ப் பானையில் அரிசி அளந்து போடும் சத்தம் கேட்டது. ஒரு படி போட்டு, பிறகு இன்னொரு கால்படி கூடப் போட்டாள். "ரம்யா, மூஞ்சி கழுவிட்டு அந்தப் பச்ச கவுனு போட்டுக்கோ. அப்பாவுக்குப் புடிக்கும்" என்று சொல்வதும் கேட்டது. தங்கவேல் தாம்பாளத்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். பிறகு ரம்யாவின் கவுனை மட்டும் எடுத்துப் படியில் வைத்துவிட்டு, அக்காளோடு எழுந்து போனான்.

சாயந்தரம் கோகிலவாணி தலையில் கனகாம்பரம் வைத்து, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். அவளைத் தனியே விட முடியாமல் அர்ச்சுனனும் நாலடி தள்ளி நின்றான். மொட்டைத் தலையில் வெயில் சுரீரென்று அடித்தது. துண்டை எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஐந்தே காலுக்கு ஒடுகத்தூர் பஸ் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்து நின்றது. கோகிலவாணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த அர்ச்சுனனும், கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

உரக்கடை கோபால்சாமி ஒரு மூட்டையோடு இறங்கினான். வேறு யாரும் இறங்கவில்லை.