ட்வீட்டருக்கு வைத்த பொட்டு

"பத்து மணிக்குள்ள இது ஒழுங்காப் பாடணும். இல்லாட்டி றக்வானை டவுன்ல இருந்து ஸஹாப்தீனோட ஸ்பீக்கர் செட்ட எறக்கிருவேன்," என்றார் அப்பா.

அக்கா ராகினியின் கல்யாணத்தில் நான் செய்த ஸ்பீக்கர்தான் பாட வேண்டும் என்று கொழும்பில் லீவு கேட்டு வந்திருந்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை, பெரிய ஸ்பீக்கர் ஒன்று, மேலே ஜால்ரா மாதிரி மெல்லிய சத்தங்களுக்குச் சின்ன ட்வீட்டர் ஒன்று, முன்னால் கறுப்புத் துணி. ட்வீட்டருக்கு எந்தக் கெப்பாசிட்டர் என்று முடிவெடுக்கப் பயந்து மூன்று அளவில் வாங்கியிருந்தேன். சின்னதைப் போட்டால் கீச்சுச் சத்தம் மட்டும் வரும். பெரியதைப் போட்டால் தவிலும் உள்ளே நுழைந்து ட்வீட்டரைக் கரித்துவிடும். நடு அளவைப் போட்டு முந்தின நாள் சாயங்காலம் நாதஸ்வரக் கெசட்டை ஓடவிட்டேன். தோட்டத்து லயன் வரிசையில் கடைசி வீடு வரை ஜால்ரா கேட்டது.

காலையில் ஜால்ராவைக் காணோம். நாதஸ்வரம் கம்பளிக்குள் இருந்து ஊதியது.

பெட்டியின் முதுகைத் திறந்து சின்னதை மாற்றினேன். அப்படியேதான். பெரியதைப் போட்டேன். அப்போதும் கம்பளிதான்.

"என்னா மருமகனே, ஒரு நோயாளிக்கு மூணு மாத்திரையா? எந்த டொக்டர் எழுதிக் குடுத்தாரு?" என்றார் த்ரீவீலர் ஓட்டும் அழகமுத்து மாமா.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா."

"அப்ப பேய்தான்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "அழகமுத்து, வண்டிய எடு."

"சரி, நான் போறேன்," என்று மாமா ரோட்டுக்கு இறங்கினார்.

மஞ்சள் முகத்தோடு வந்த ராகினி முன்துணியைத் தூக்கினாள். "தம்பி, இங்க வந்து பாரு."

ட்வீட்டரின் கூம்பு நிறையச் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம வுடுவாங்களா?" என்றார் அம்மா. "துணிக்கு வச்சு என்னா புண்ணியம்? பாடுறதுக்குத்தானே வைக்கணும்!"

"பெருசுக்கு வச்சிருக்கலாமேம்மா!"

"அதுக்கும் வச்சிருக்கேன்."

ஈரப் பஞ்சோடு குனிந்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாண வீட்டுல பொட்ட அழிக்கிறியா? உங்கக்கா வாழணுமா, வேணாமா?"

ரோட்டில் த்ரீவீலர் ஸ்டார்ட் ஆகாமல் இருமியது.

"அழிக்க வேணாம்மா, எடம் மாத்துவோம்," என்றாள் ராகினி. "நானே வீடு மாறிப் போறேன். பொட்டு பலகைக்கு மாறக் கூடாதா?"

அம்மா யோசித்தார். பலகையில் புதுப் பொட்டு வைத்த பிறகுதான் பழையதைத் தொட விட்டார். துடைத்தேன். நடு அளவுக் கெப்பாசிட்டரைத் திரும்பவும் போட்டேன். ஜால்ரா பந்தலைத் தாண்டிப் போனது.

அப்பா ரோட்டுக்கு ஓடினார்.

"அழகமுத்து! செட்டு வேணாம். ஸஹாப்தீன மட்டும் ஏத்திக்கிட்டு வா, வந்து காது குடுத்துக் கேக்கட்டும்!"