தந்தி புதைத்த வாசல்

“கம்பத்தைக் கீழ இறக்கச் சொல்லுங்க, ஹுக்கும். காத்து மாறுது” என்றேன் எங்கள் புரவலர் குமேர் சிங்கிடம். எஜமானை நாங்கள் அழைக்கும் சொல் ‘ஹுக்கும்’.

பாட்டுக்காரர்களான எங்கள் சாதிக்குக் கேட்பதுதான் பிழைப்பு. புரவலர் வீட்டுக் கல்யாணத்தில் ஒட்டகம் கேட்கலாம், பிள்ளை பிறந்தால் கம்பு மூட்டை கேட்கலாம், பாடி முடித்துப் பழைய சட்டை கேட்கலாம். ‘நிறுத்துங்கள்’ என்று மட்டும் கேட்கக் கூடாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பா எனக்குச் சொல்லி வைத்த சட்டம் அது. பாலைவனத் திருவிழாவின் முதல் நாள் காலையில் அதை மீறினேன்.

வானம் வெளுக்கும் முன்பே மணல்மேட்டில் நாற்பது பேர் இரும்புக் குழாய் சுமந்துகொண்டிருந்தோம். குளிரில் குழாய் உள்ளங்கைத் தோலைப் பிடித்து உரித்தது. சாயங்காலம் மேடையில் பாடுகிறவர்களே காலையில் மேடையைக் கட்ட வேண்டும். குமேர் சிங்கின் ஏற்பாடு அது. ஏழு தலைமுறையாக அவர் வீட்டுப் பாட்டுக்காரர்கள், இப்போது அவருடைய கூடார விடுதியின் கூலிகளும் நாங்களே. முப்பதடி விளக்குக் கம்பத்தின் உச்சியில் என் தம்பி லத்தீப் ஏறியிருந்தான். மணலில் ஆணி நிற்காது. குழி வெட்டி, மணல் மூட்டையைப் புதைத்து, அதில்தான் கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கயிற்றைக் கட்ட வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை, ஆணியே போதும் என்றுவிட்டார் குமேர் சிங்.

குமேர் சிங் நாற்காலியில் சாய்ந்து தேநீரை உறிஞ்சினார். “பி.ஏ. படிச்சா காத்தோட பேசவும் சொல்லித் தர்றாங்களா?”

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். “வாயை மூடு, சுகரா” என்று அப்பா பல்லைக் கடித்தார்.

காற்று அடித்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. கம்பம் லத்தீப்போடு சாய்ந்தது. கட்டியிருந்த ஒட்டகங்களில் சில அலறிக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஆறு பேர் சேர்ந்து குழாயைத் தூக்கியபோது அவனுடைய வலது கை அடியில் கிடந்தது. கமாய்ச்சா வாத்தியத்தின் வில்லைப் பிடிக்கும் கை. விரல் எது, மணல் எது என்று தெரியவில்லை.

“ஜீப்பைக் குடுங்க!” என்று கத்தினேன்.

“ஜீப் விருந்தாளிங்களக் கூட்டி வரணும். தண்ணி லாரியில ஏத்துங்க” என்றார் குமேர் சிங்.

ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். லாரி மேட்டைத் தாண்டுவதற்குள் குமேர் சிங்கின் அடியாள், தான் சிங் என்பவன், ஒரு தாளோடு வந்தான். “உங்கப்பன் கைநாட்டு வெக்கட்டும். நீ படிச்சவளாச்சே, சாட்சிக் கையெழுத்துப் போடு.”

தாளை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்: “குடிபோதையில் தானே ஏறி விழுந்தான்.”

“எம்மவன் சாராயத்தைத் தொட்டவன் இல்ல, ஹுக்கும்” என்றார் அப்பா.

தான் சிங் ஒட்டகம் ஓட்டும் தடியால் அவர் வாயிலேயே அடித்தான். தலைப்பாகை உருண்டது. வெள்ளைத் தாடியில் ரத்தம் வழிந்தது. நான் பாய்ந்து அவன் மணிக்கட்டில் எலும்பு தட்டும்வரை கடித்தேன். அடுத்த அடி என் தோளில் விழுந்தது. எங்கள் பையன்கள் குழாயை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். அவருடைய ஆட்கள் சாட்டையைச் சுழற்றினார்கள். எங்களில் ஒருவன் கன்னம் கிழிந்தது. இன்னொருவன் முழங்கால் நொறுங்கும் சத்தம் கேட்டது.

“போதும்” என்றார் குமேர் சிங், எழுந்திருக்காமல். “அஞ்சு மணிக்கு மேடை. எங்க தாத்தா பேரைச் சொல்லித்தான் பாட்டை ஆரம்பிக்கணும்.”

அப்பா தலைப்பாகையை எடுக்கவில்லை. தம் கமாய்ச்சாவை எடுத்தார். ஆட்டு நரம்புத் தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கவிழ்த்தார். குமேர் சிங்கின் கூடார வாசலில் மண்டியிட்டு, வெறும் கையால் குழி பறித்து, தந்திகளை உள்ளே போட்டு மூடினார்.

குமேர் சிங்கின் தேநீர்க் கோப்பை கீழே விழுந்தது. அவருக்கும் தெரியும். எங்களில் ஒருவன் புரவலன் வாசலில் தந்தியைப் புதைத்துவிட்டால், அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இந்தப் பாலைவனத்தில் எங்கள் ஆள் ஒருவனும் வாசிக்க மாட்டான்.

“வேற ஊர்லேர்ந்து ஆள் எறக்குவேன்!”

“கூப்பிட்டுப் பாரு” என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை.

மற்றவர்களும் மண்டியிட்டுத் தோண்டினார்கள். ஒட்டகக்காரர் ரேவந்த் எங்கள் சாதியில்லை, எங்களோடு ஒரே பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவர் தன் ஒட்டகத்தின் சேணத்தை அவிழ்த்துக் கீழே எறிந்தார். “எங்க ஒட்டகமும் இன்னிக்குப் பந்தயத்துல ஓடாது. பந்தயம் பாக்கணும்னா அந்தத் தான் சிங்கை ஓட விடுங்க.” கிழிந்த கன்னத்தோடு நின்றவன்கூடச் சிரித்துவிட்டான்.

குமேர் சிங் என் பக்கம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. “அந்தத் தாளைக் குடும்மா. கையெழுத்துப் போட்டா விடுதியில ஆபீஸ் வேலை உனக்கு. இல்லேன்னா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் பன்னெண்டு கிலோமீட்டர். நடுவுல ஒரு வீடு கிடையாது.”

“தெரியும். அந்த வழியாத்தான் தெனமும் வேலைக்கு நடந்து வர்றோம்.”

அவர்கள் பொய்க்குச் சாட்சியான தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். முகாமின் வாயிலில் நான்கு பேர் சாட்டையோடு வழியை அடைத்து நின்றார்கள். என் பின்னால் மணலில் எங்கள் ஆட்களின் காலடிகள் கூடிக்கொண்டே வந்தன. நான் நடையைக் குறைக்கவில்லை.