பால் சட்டியில் அவிந்த தக்கை

பெற்றோல் மணம் சிலருக்குப் பிடிக்குமாம். அப்படிப்பட்டவர்களை நான் கண்டதில்லை, காணவும் விருப்பமில்லை. எனக்கு அது அருவருப்பு. சூறாவளி அடித்த அடுத்த வருடம் முழுக்க நான் அந்த நாற்றத்தோடுதான் குடும்பம் நடத்தினேன்.

என் கணவர் காலிதீன் சம்மாந்துறைக்காரர். கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி சாய்ந்தமருதில் என் வீட்டுக்குக் குடிவந்தபோது ஒரு சூட்கேசும் ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிளும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையாக இருந்த அவருடைய வாப்பா வயல் வட்டைக்கு வட்டை ஓட்டித் திரிந்தது. வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. கட்டில் உம்மா வாங்கியது. அவர் தலை வைத்த தலையணைகூட நான் பஞ்சு அடைத்தது. அந்த வளவுக்குள் அவருடையது என்று சொல்ல வண்டி ஒன்றுதான். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அது ஒழுகும் என்பதுதான் என் கவலை.

சூறாவளியில் தென்னை விழுந்து அது நின்ற கொட்டில் நொறுங்கியதிலிருந்து வண்டி பல மாதம் ஓடாமல், பெற்றோலும் இல்லாமல் கிடந்தது. அதுதான் வினை. அதன் பெற்றோல் தாங்கிக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைப் பைப், திருகித் திறக்கிறது. ஒன்று எப்போதும் திறப்பதற்கு, மற்றது பெற்றோல் அடிமட்டத்துக்குப் போனால் திறப்பதற்கு. இரண்டுக்குள்ளும் தக்கை வளையம் இருக்கும். நனைந்திருக்கும் வரைக்கும் தக்கை ஊதிப் பிடித்திருக்கும், காய்ந்தால் சுருங்கிவிடும். இதையெல்லாம் அவர் எனக்கு விளங்கப்படுத்திய அழகைப் பார்க்க வேண்டும், ஏதோ பச்சைப் பிள்ளைக்கு வந்த வருத்தத்தைச் சொல்வது போல. ஊரெல்லாம் ஜப்பான் வண்டி வந்திறங்கும் காலத்தில் இந்த மனிசனுக்கு மட்டும் தக்கைப் பைத்தியம்.

திரும்ப ஓடத் தொடங்கிய வண்டியின் கீழே பால்மாத் தகரப் பேணி ஒன்றை வைத்தேன். சொட்டுச் சொட்டாக அதில் விழும். தான் வேலை பார்த்த அரிசி மில்லுக்குப் புறப்படும்போது அந்தப் பெற்றோலை வீணாக்காமல் திரும்ப ஊற்றுவார். சில நாள் ஒழுகுமுன் வெளியே எடுக்கத் தாங்கிக்குள் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இழுப்பார், பிறகு கிணற்றடியில் காறித் துப்புவார். அதே வாயால் தேத்தண்ணி குடிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கல்முனை றோட்டு மெக்கானிக் கலந்தரிடம் இதற்கு ஒரே வைத்தியம்தான். துணி தோய்க்கிற சவர்க்காரத்தைப் பிசைந்து ஒழுகும் இடத்தில் அப்பிவிடுவார். அந்தச் சவர்க்காரமும் புழுதியும் பெற்றோலும் சேர்ந்து மூக்குச் சளி மாதிரித் தொங்கும். தாங்கியை ஒரு நாள் கழற்றி, உள்ளே சரளைக்கல் போட்டுக் குலுக்கினார். வந்த துருச்சேற்றை என் செவ்வரத்தை மரத்தடியில் ஊற்றினார். மரம் செத்தது. அன்றைக்கு நான் கத்திய கத்து தள்ளியிருக்கிற மாவடிப்பள்ளி ஊருக்கே கேட்டிருக்கும். வண்டியை வீட்டு முன்பக்கத்திலிருந்து துரத்தி, பின்னாலிருந்த நெல்லறைக்குள் தள்ள வைத்தேன்.

அங்கேதான் என் மூத்த சகோதரர் பதியுதீன் காக்காவுக்கு வந்தது கோபம்.

காக்கா கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் தாய்வழிக் குடிக்காக இருந்த மரைக்கார் அவர்தான். சுத்தமான ஆள். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் அத்தர் பூசிய கைலேஞ்சி, வாயில் எந்நேரமும் கராம்பு. அவர் இருந்தது தன் மனைவி வீட்டில், ஆனால் வாப்பாவின் வயலில் அவர் பங்கு நெல்லை எங்கள் நெல்லறையில்தான் அடுக்கியிருந்தார். கடை பூட்டி வரும் வழியில் நெல்லைப் பார்க்கவென்று வந்து, கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டுப் போவார். எலி தின்கிறதா, ஈரம் பிடித்ததா என்று இவ்வளவு கவனமாகப் பார்க்கும் ஆள் ஊரில் வேறு இல்லை என்று எங்களோடிருந்த உம்மா பெருமைப்படுவா.

வண்டி அந்த அறைக்குள் போனதும், நெல்லெல்லாம் பெற்றோல் நாறுகிறது என்று காக்கா கைலேஞ்சியை மூக்கில் பிடித்தார். பழைய இரும்பு எடுக்கும் ஆளிடம் தானே பேசி முடித்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்கு இழுவைப்பெட்டியோடு டிரெக்டர் வரும், வண்டி போய்விட வேண்டும் என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கும் அந்தச் சனியன் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

என் கணவர் சண்டை பிடிக்கவில்லை. அன்று சோற்றைப் பிசைந்தபடியே ஒன்று சொன்னார்.

"வண்டி போனா நானும் போறன் சரீபா. ஒழுக்கு நிண்டா நானும் இரிக்கன், வண்டியும் இரிக்கும். வெள்ளிக்கிழமை மட்டுக்கும் பொறு."

நான் சிரித்தேன். ஆனால் அவர் சூட்கேசைக் கீழே இறக்கித் தூசி தட்டி வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். அதன்பின் சிரிப்பு வரவில்லை.

தக்கைக்கு அவர் போகாத இடமில்லை. கல்முனையில் இல்லை, கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லியும் கிடைக்கவில்லை. காரைதீவுப் பரியாரியாரிடம் மருந்துப் போத்தல் தக்கை வாங்கி வெட்டினார். அது உளுத்த பலகை மாதிரி உதிர்ந்தது. வியாழக்கிழமை நெல்லறைக்குள் வண்டியை நிமிர்த்துவதற்காக மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தவர், வெளியே வந்தார். கையில் நல்ல தடித்த தக்கை ஒன்று. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கிடைத்தது என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அதன் அடிப்பாகத்தை இரண்டு வளையமாக வெட்டி, சொரசொரப்பான மண்தாளில் தேய்த்து வட்டம் பிடித்தார். மிச்சத் துண்டு ஜன்னல் விளிம்பில் கிடந்தது. ஜும்ஆ முடிந்து வந்து, நான் துணி அலசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வளையங்களை மிருதுவாக்க அடுப்பில் போட்டு அவித்திருக்கிறார். எந்தச் சட்டியில்? என் பால் சட்டியில். நான் கண்டபோது மண்ணிறத் தண்ணீரில் அவை இரண்டும் குதித்துக்கொண்டிருந்தன. மேலே ஒரு நுரை. இனிப்பும் உறைப்புமாக, அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை குசினி முழுக்க நின்றது. உம்மா வந்து மூக்கைச் சுளித்து, இது என்ன மருந்தா என்று கேட்டா.

நான் வாய் திறக்கும் முன் காக்கா வந்துவிட்டார். டிரெக்டருக்கு முன்னமே வந்து நிற்கவென்று வந்தவர். குசினி வாசலில் தலையை நீட்டியதும் நின்றார்.

"சீ! இது பிராந்தி மணம். ஆரு இந்த ஊட்டுல குடிக்கிற?"

உம்மா நெஞ்சில் கை வைத்துத் பாவம் பொறுக்கத் தௌபா சொன்னா. என் கணவர் தான் குடிக்கவில்லை, தக்கைதான் அவிக்கிறேன் என்றார். அந்தத் தக்கை எந்தப் போத்தலில் இருந்தது என்று காக்கா அதட்டினார். என் கணவர் காக்காவின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

காக்கா கைலேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். வண்டியோடு இவரும் இன்றைக்கே போக வேண்டும். குடிகாரனை வைத்திருக்கும் குடியென்று ஊர் பேசவிடமாட்டார். பள்ளிவாசலில் அவரே கதைத்துக்கொள்வார். உம்மா அழத் தொடங்கினா. என் கணவர் கையை ஒரு துணியில் துடைத்துவிட்டுச் சூட்கேசை எடுக்க உள்ளே போனார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வாடை என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பேரப்பிள்ளை கண்ட உம்மாவுக்கும் தெரியவில்லை. வாசலில் வந்து நின்ற மரைக்காருக்கு ஒரே மூச்சில் தெரிந்தது. அதுவும் சும்மா குடிவகை என்றல்ல, பிராந்தி என்று பேர் சொல்லத் தெரிந்தது.

நேரே நெல்லறைக்குப் போனேன். காக்காவின் மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டேன். கண்ணாடி தட்டுப்பட்டது. வெளிநாட்டுப் போத்தல், அரைவாசி இருந்தது. அதன் வாயில் ஒரு மஞ்சள் சீலைத் துண்டு அடைத்திருந்தது. என் கணவர் வண்டி துடைக்கிற சீலை. போத்தலைக் கண்டவர் தக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்தது சிந்தாமல் அடைத்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கண்டதை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அருவருத்தது. பெற்றோலைக் கண்டு வந்த அருவருப்பெல்லாம் இதற்குக் கால்தூசி. நெல்லைப் பார்க்க வந்த கவனம், கராம்பு, அத்தர் எல்லாம் இதை மறைக்கத்தான்.

போத்தலைக் கொண்டுவந்து உம்மாவுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். மஞ்சள் சீலையை இழுத்தேன். ஜன்னல் விளிம்பிலிருந்த மிச்சத் துண்டை எடுத்து அதன் வாயில் வைத்து அழுத்தினேன். அளவாகப் போய் இருந்தது. காக்காவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. உம்மா அழுகையை நிறுத்தி மகனைப் பார்த்தா.

என் கணவர் சூட்கேசோடு வந்து நின்றார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"காக்கா, இது என்ட ஊடு. வாப்பா எனக்கு எழுதித் தந்த ஊடு. ஆரு இரிக்கிற, ஆரு போற எண்டு நான்தான் செல்லோணும். அவர் இரிப்பார்."

வெளியே டிரெக்டர் வந்து நின்றது. வண்டி இல்லை, ஏற்ற வேண்டியது நெல் என்று டிரைவரிடம் சொன்னேன். கூட வந்தவர்கள் காக்காவின் மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து டிரெக்டர் பெட்டியில் அடுக்கினார்கள். அவர் மனைவி, எங்கள் மச்சியின் வீட்டு வாசலில் இறக்கச் சொன்னேன்.

போகும்போது போத்தலையும் அவர் கையிலேயே கொடுத்தேன். தெருவில் ஆட்கள் நின்றார்கள். மூக்கிலிருந்த கைலேஞ்சியை எடுத்துப் போத்தலைச் சுற்றினார். அத்தர் மணத்த அந்தக் கைலேஞ்சி போத்தலின் கழுத்தை மூடப் போதவில்லை.