பின்னால் ஓடும் மீட்டர்

பழைய கார் கண்காட்சிக்கு முதன்முதலாக டிக்கெட் போட்ட அன்று இரண்டாயிரத்து எழுநூறு டிக்கெட் விற்றது. சாயங்காலம் பார்த்தால் மைதானத்தில் நின்ற ஒவ்வொரு காரிலும் கிலோமீட்டர் மீட்டர் இரண்டாயிரத்து எழுநூறு குறைந்திருந்தது. அதுவரை பதினோரு வருடம் கண்காட்சி இலவசம். மைதான வாடகை ஏறிவிட்டது, ஓசியில் வருகிறவன் கதவைப் படாரென்று சாத்துகிறான், லாபம் பார்க்காத எந்தக் காரியமும் உருப்படாது என்று மேசையைத் தட்டிப் பேசித் தீர்மானத்தை நிறைவேற்றியவர் சங்கச் செயலாளர். தொழிலில் பல் மருத்துவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கத்தான் முடியும். மீட்டர் குறைந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஓட்டம் குறைந்த காருக்கு விலை அதிகம்.

இந்தச் சங்கத்துக் குடும்பங்களில் வருடம் சொல்ல மாட்டார்கள், மீட்டர் சொல்வார்கள். செயலாளருக்குக் கல்யாணம் ஆனது முப்பத்தொன்பதாயிரத்தில். மகள் பிறந்தது 41,306இல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டில். அதே பின்சீட்டில் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டது 52,018இல். இரண்டாம் வருடக் கண்காட்சி முடிந்து மீட்டர் 50,600க்கு இறங்கிய மாலை, மாமனார் வீட்டுக்குள் வந்து குளிக்க வெந்நீர் கேட்டார். மீட்டர் எந்த எண்ணைத் தாண்டி இறங்குகிறதோ, அந்த எண்ணில் காருக்குள் நடந்தது நடக்காததாகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. செயலாளரின் மனைவி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள், பிறகு வெந்நீர் வைத்தாள். அடுத்த வருடம் விளம்பரத்தைக் கூட்ட வேண்டும் என்றார் செயலாளர்.

மூன்றாம் வருடம் மீட்டர் 44,600இல் நின்றது. என்றோ கார்க் கதவில் நசுங்கிய மைத்துனரின் விரலில் நகம் முழுசாக இருந்தது. எல்லோரும் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். செயலாளரின் மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, அடுத்து நம்ம பொண்ணுதானே?" என்றாள்.

கண்காட்சியை மறுபடி இலவசமாக்கச் சொல்லிச் செயலாளர் கூட்டத்தில் கெஞ்சினார். முன்பு அவர் பேசியதையே உறுப்பினர்கள் வார்த்தை பிசகாமல் அவருக்குத் திருப்பிச் சொன்னார்கள். தலைவர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டார்.

"டாக்டர், உங்க கஷ்டம் புரியுது. ஆனா என் வண்டியில துரு ஒரு பொட்டுகூட இல்லாமப் போச்சே. இத எப்படி நான் வேணாங்கறது?"

முப்பத்தொரு கை ஒரு பக்கம், செயலாளர் கை ஒரு பக்கம். அதன்பிறகு அவர் கிளினிக்கை மதியத்தோடு மூடிவிட்டுக் காரை ஓட்ட ஆரம்பித்தார். வருடம் முழுக்க ஓட்டி 51,900 வரை ஏற்றுவார். அதற்குமேல் போனால் மாமனாரின் உயிர் மறுபடி போகும்; ஏறும் வழியில் மைத்துனரின் நகம் மறுபடி நசுங்கியிருந்தது. கண்காட்சியன்று மீட்டர் கடகடவென்று இறங்கும். 41,306க்குக் கீழே போனால் மகள் கிடையாது. நாலாம் வருடம் கண்காட்சிக்குக் கொண்டுபோகாமல் காரை ஷெட்டில் போட்டுப் பூட்டிப் பார்த்தார். அங்கேயும் ஏழாயிரம் இறங்கியது. ஐந்தாம் வருடம் ஒன்பதாயிரம் இறங்கி 42,900இல் நின்றது. அன்று சாயங்காலம் தலை வாரப் போன மகள், கண்ணாடியில் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறாம் வருடம் பன்னிரண்டாயிரம் பேரை எதிர்பார்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். செயலாளர் 51,900இல் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தார். மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க மாப்பிள்ளை."

"வேணாம் மாமா. வேற ஏதாவது யோசிக்கலாம்."

"யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எடுங்க, புள்ள காலேஜ் விட்டு வந்துரும்."

52,018இல் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. செயலாளர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதார். காரியங்கள் முடிந்ததும் மறுபடி எடுத்து 54,000 வரை ஓட்டினார். கண்காட்சியில் பன்னிரண்டாயிரத்து நானூறு டிக்கெட் விற்று, மீட்டர் 41,600இல் நின்றது. மகள் இருந்தாள். மீட்டர் இறங்கிவிட்டபடியால் மாமனாரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அவர் அந்தப் பின்சீட்டில் சாகிறார். வலி மட்டும் பழகவே இல்லை என்கிறார். அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். சங்கம் நல்ல லாபத்தில் நடக்கிறது. இந்த வருடம் இருபதாயிரம் டிக்கெட் அச்சடித்திருக்கிறார்கள். கிளினிக்கை அடியோடு மூடிவிட்டுச் செயலாளர் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார். அப்படியும் நாள் போதவில்லை என்று மகள் லைசென்ஸ் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்டுகிறாள். இந்த வருடம் 52,018 ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. தாத்தாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.